முட்டியளவு தண்ணீரில் ஒரு போர்

காலை 6.10. ராயபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறியபோது எனக்குள் வீரம் பொங்கியது. திருவொற்றியூர் வரை இருபது ரூபாய், மாறி ஏறினால் எண்ணூருக்கு இன்னொரு இருபது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ புகுந்த புகுதலில் பாதி வீரம் வழியிலேயே சிந்திவிட்டது. வயது ஐம்பத்திரண்டு; நீச்சல் தெரியாது; போவதோ ஆறு கடலில் சேரும் இடம்.

7.30. முகத்துவாரக்குப்பம். நண்பன் வேலு ஃபைபர் படகோடு காத்திருந்தான். ஆற்றின் நடுவிலுள்ள சேற்றுத் திட்டில் கொட்ட, மண் மிதவையோடு ஒரு கம்பெனியின் இழுவைப் படகு இன்று வருகிறது. கொட்டிவிட்டால், அங்கே கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குப் பிழைப்பே போய்விடும். வேலுவின் அக்கா கன்னியம்மா அவர்களில் ஒருவர்.

கல்லூரியில் கெரில்லாப் போர் பற்றிப் படித்த மிதப்பில் கேட்டேன்: "ஆயுதம் இன்னா வேலு?"

"கிழிஞ்ச வலை நாலு. படகு பன்னெண்டு. அப்பால வத்தம் கீது, தோஸ்து."

வத்தம் என்றால் தண்ணீர் வடிகிற நேரம். இன்று பத்தரைக்குள் ஆறு வடிந்துவிடும்; நாளுக்கு முக்கால் மணி நேரம் தள்ளிப்போகுமாம். பிறகு பெரிய படகு உள்ளே வந்தால் தரை தட்டும். அதுவரை இழுத்தடித்தால் போதும்.

8.45. இழுவைப் படகு ஊதிக்கொண்டே வந்தது. அதன் முன் எங்கள் படகுகள் செருப்புகள் போல இருந்தன. எங்கள் படகுக்காரர்கள் குறுக்கே வலை விரித்தார்கள். படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் வலை சிக்கினால் எஞ்சின் காலி என்பதால் அது நின்றது.

"வலைய எடுங்கய்யா!" ஒலிபெருக்கி அலறியது.

"எடுத்துகினுதானே கீறோம் சார்!" வேலு பவ்யமாகக் கும்பிட்டு, ஒவ்வொரு கண்ணியாக, பூத்தொடுப்பவன் போல எடுத்தான். எடுத்து முடித்து, வழிவிட்டு, இருநூறு அடி தள்ளி அடுத்த வலை. மறுபடி கும்பிடு.

10.05. பொறுமையிழந்த இழுவைப் படகு நாலாவது வலையை அறுத்துக்கொண்டு நேராக வந்தது. வேலுவின் படகிலிருந்த நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. தொப்பென்று தண்ணீரில் விழுந்தேன். ராயபுரத்து மாதாவையும் திருவொற்றியூர் அம்மனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.

திட்டோரம் தண்ணீரில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா, பல்லில் கடித்திருந்த ஓலைக்கூடையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "எந்திரி நைனா. முட்டியளவு தண்ணிக்கு இன்னாத்துக்கு இம்மாங் கூப்பாடு?"

எழுந்து நின்றேன். முட்டியளவுதான். இழுவைப் படகின் மேலிருந்து பார்த்த படகோட்டி என் முகத்தை அல்ல, முட்டியைத்தான் பார்த்தார். எஞ்சின் ஒலி மாறியது. படகு வந்த வழியே பின்வாங்கியது.

11.15. கன்னியம்மா ஒரு பை நிறைய இறால் கொடுத்தார்.

"ஜெயிச்சிட்டோமாக்கா?" என்றேன்.

"இன்னிக்கு. நாளைக்கும் வருவான். தண்ணி மட்டும் வடியாமயா பூடும்?" கூடையைக் கடித்துக்கொண்டு மறுபடி சேற்றுக்குள் கையைவிட்டார்.

ராயபுரத்தில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனால் ஈரப் பேண்டோடு ஆட்டோவில் திரும்பும்போது உள்ளங்கையில் ஒரு நேரம் எழுதியிருந்தேன். நாளை வத்தம், பதினொன்றே கால். முட்டி தயார்.