தரிப்பிடத்தில் வந்த சொல்

என் கணவர் பாரிசவாதத்தில் விழுந்த பிறகுதான் நான் கார் ஓட்டப் பழகினேன். அதுவரை எங்கள் வீட்டில் கார் என்றால் அது அவருடைய சாமான். கோப்பாயில் இருந்து சுன்னாகம் சந்தைக்கும் மருதனார்மடத்துக்கும் அதில்தான் போய் வந்தார். வெங்காயத் தரகு அவருக்குத் தொழில். தோட்டக்காரர் சொல்லும் விலைக்கும் கொழும்பு லொறிக்காரர் கேட்கும் விலைக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் மனம் நோகாமல் பேசி முடித்துவிடுவார். வீட்டுக்கு வந்தும் அந்த வாய் ஓயாது. சங்கக்கடைக் கணக்கோடு நாள் முழுவதும் மாரடித்துவிட்டு வரும் எனக்குச் சில நேரம் காதைப் பொத்திக்கொண்டு இருக்கலாம் போல இருக்கும்.

நோய் அவருடைய வலது கையையும் காலையும் பிடித்தது. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பொல்லு ஊன்றி நடந்தார். பேச்சு மட்டும் வரவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: ஓம். சோறு போடட்டோ என்றால் ஓம். இவ்வளவு போதும், காணுமோ என்றாலும் ஓம். வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே ஓம் என்பார். நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு என்று அவருக்கே தெரியும். அப்போது கண்ணை மூடிக்கொள்வார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் குசினிக்குள் போய்விடுவேன்.

யாழ்ப்பாண நகரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஓர் இளம் பெண்ணிடம் கிழமைக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஓட்டோவுக்குள் குனிந்து ஏறுவது அவருக்கு ஏலவில்லை. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். கார் மாமரத்தின் கீழ் சும்மா நின்றது. சாரதிப் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். என் வயதில் அங்கே வேறு ஒருவரும் இல்லை. பழக்கியவர் நல்ல பொறுமைசாலி. இருபாலை, கல்வியங்காடு, நல்லூர் என்று அந்த வீதியில் சைக்கிள்களுக்கும் மினி பஸ்களுக்கும் நடுவில் ஊர்ந்து போகப் பழகிவிட்டேன்.

ஓட்டுவதை விடப் பெரிய பாடு காரை நிறுத்துவதுதான். பயிற்சி நிலையம் இருந்த ஒழுங்கையில் வாகனம் நிறுத்தத் தடை. பெரிய வீதியில் இடம் கிடைத்தாலும் பின்னுக்கு எடுத்து விடுவதற்குள் நாலு பேர் ஹோர்ன் அடித்துவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் கடைத்தெருவுக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த ஒரு வளவை யாரோ குத்தகைக்கு எடுத்து, கல்லுப் போட்டு நிரவி, வாகனத் தரிப்பிடம் ஆக்கினார்கள். வாசலில் ஒரு மெசின். பச்சைப் பொத்தானை அமத்தினால் நேரம் அடித்த துண்டு ஒன்று வரும், குறுக்குக் கம்பம் எழும்பும். திரும்பிப் போகும்போது காசு வாங்கும் சின்னக் கூட்டுக்குள் இருக்கும் ஆள் அந்தத் துண்டை இன்னொரு மெசினில் காட்டுவார். அது காசைச் சொல்லும். ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு, அதற்கு மேல் ஐந்து நிமிடம் போனாலும் இன்னொரு மணித்தியாலத்துக் காசு. எங்கள் பயிற்சியும் ஏறி இறங்குகிற நேரமும் சேர்ந்தால் எப்போதும் அந்த ஐந்து நிமிடம் கூடித்தான் போகும். ஆனாலும் நிழல் இருந்தது, இடம் இருந்தது. பேசாமல் கொடுத்தேன்.

முதல் பிணக்கு ஒரு சித்திரை மாத வெயிலில் வந்தது. அன்று நிழலில் இடம் கிடைக்கவில்லை. துண்டைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தேன். வந்து பார்த்தால் அது முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. சூடு பட்டால் அந்தக் கடுதாசி அப்படித்தான் ஆகுமாம். கூட்டுக்குள் இருந்தவர் நகரத்துக்கு அருகே கொழும்புத்துறைப் பக்கத்து ஆள். நாற்பது வயது இருக்கும். துண்டை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அன்ரி, இதை மெசின் வாசிக்குதில்லை. துண்டு துலைஞ்ச கணக்குத்தான். முழு நாள் காசு எடுக்க வேணும்."

"துலையேல்லையே தம்பி. உங்கடை கையிலை தானே இருக்கு."

"எனக்கு விளங்குது. மெசினுக்கு விளங்காதே."

அவர் குரலில் திமிர் இல்லை. அதனால் நான் அதிகம் இழுபறிப்படவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். வழி முழுக்க அதை நினைத்துக் கறுவிக்கொண்டே ஓட்டினேன். அன்று தக்காளி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு துண்டைக் கைப்பைக்குள் வைக்கத் தொடங்கினேன். அப்படிக் கவனமாக இருந்தும் ஒரு நாள் மாட்டிக்கொண்டோம். அன்று பயிற்சி நல்லாகப் போகவில்லை. பயிற்சி கொடுக்கும் அந்தப் பிள்ளை படங்களைக் காட்டிக் காட்டிக் கேட்டார். பூனைக்கும் ஓம், குடைக்கும் ஓம், தேங்காய்க்கும் ஓம். கடைசியில் இவர் படங்களை இடது கையால் ஒதுக்கிவிட்டு எழும்பிவிட்டார். காலையில் நாங்கள் துண்டு எடுப்பதற்குச் சற்று முன்புதான் கறண்ட் போய் வந்திருந்தது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை, துண்டில் அடித்திருந்த நேரத்தையும் பார்க்கவில்லை.

வெளியே போகும் இடத்தில் துண்டைக் கொடுத்தேன். மெசின் வாசித்தது. கொழும்புத்துறைக்காரர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்ரி, நேற்று விடிய வந்தனீங்கள் எண்டு காட்டுது. இரண்டு நாள் காசு கேக்குது."

"நேற்று நாங்கள் கோப்பாயை விட்டே வெளிக்கிடேல்லை."

"தெரியும். நான் தானே காலமை உங்களைக் கண்டனான். கறண்ட் போய் வந்தால் உதின்ரை மணிக்கூடு குழம்பிப் போகுது. நான் பொறுப்பான ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன்."

"அப்ப கம்பத்தைத் தூக்கி விடுங்கோவன்."

"விடலாம். மெசினிலை இருக்கிற காசு பெட்டிக்குள்ளை இல்லாட்டி என்ரை சம்பளத்திலை வெட்டுவினம். போன மாதமும் வெட்டினவை."

அவர் தொலைபேசியில் யாரையோ அழைத்தார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. சிஸ்டத்தில் இருப்பதை எடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் ஒரு வான். அதற்குப் பின்னால் இரண்டு கார். வான்காரர் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. மெசின் தன் பாட்டில், இந்தியப் பெண் குரல் ஒன்றில், தயவுசெய்து கட்டணத்தைச் செலுத்தவும் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. கொடுத்துத் தொலைத்துவிட்டுப் போவோம் என்று கைப்பையைத் திறந்தேன்.

பக்கத்தில் இருந்து ஒரு கை குறுக்கே வந்து கைப்பையை மூடியது. என் கணவரின் இடது கை. அவர் என்னைப் பார்க்கவில்லை. கூட்டுக்குள் இருந்த மெசினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் திறந்து மூடியது.

"ஏ..."

நான் கைப்பையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"ஏலாது," என்றார்.

கொஞ்சம் கொன்னல் இருந்தது. ஆனால் சொல் முழுசாக வந்தது. குரலும் அவருடைய பழைய குரல்தான், சந்தையில் நாலு கடை தள்ளிக் கேட்கும் குரல்.

காசு, துண்டு, பின்னால் நின்ற வான் எல்லாம் எனக்கு மறந்து போயிற்று. "இஞ்சாருங்கோ, என்ன சொன்னனீங்கள்? இன்னொருக்கால் சொல்லுங்கோ," என்றேன்.

"ஏலாது. குடுக்கேலாது."

நான் ஸ்ரியரிங்கில் தலையை வைத்து அழுதேன். கொழும்புத்துறைக்காரர் பயந்துபோனார். "அன்ரி, அழாதேங்கோ, காசு வேண்டாம்," என்று கூட்டை விட்டு வெளியே ஓடி வந்தார். வான்காரர் சண்டைக்கு என்றுதான் இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டார். இவர் இத்தனை மாதமாகக் கதைக்கவில்லை, இப்போதுதான் கதைத்தார் என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். வான்காரர் குனிந்து இவரைப் பார்த்தார்.

"ஐயா சொன்னது சரி. எனக்கும் உது நேற்றைய திகதிதான் காட்டப்போகுது. நானும் குடுக்கமாட்டன்," என்றார்.

கடைசியில் வான்காரரும் கொழும்புத்துறைக்காரருமாகக் கம்பத்தைத் தோளால் முண்டு கொடுத்து உயர்த்திப் பிடித்தார்கள். நான் கீழால் ஓட்டிக்கொண்டு வெளியே வந்தேன். நேரே வீட்டுக்குப் போகவில்லை. பயிற்சி நிலையத்து ஒழுங்கைக்குள் காரைத் திருப்பி, தடை போட்டிருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர் காரடிக்கு வந்து இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இவர் சொல்லிக் காட்டினார். கோபத்தில் சில பேருக்குச் சொல் இப்படித் தானாகத் திறந்துகொண்டு வரும் என்று அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். பிறகு சிரித்துக்கொண்டு, "அந்தத் தரிப்பிடத்திலை காசு எடுக்கிற ஆளுக்குத்தான் என்ரை பீஸைக் குடுக்கவேணும்," என்றார்.

அன்று இரவு பிள்ளைகளோடு வீடியோவில் கதைத்தோம். அங்கே குளிரோ என்று நான் கேட்டேன். இவர் இடையில் புகுந்து ஏலாது என்றார். பொருள் இல்லாவிட்டாலும் மகள் கையைத் தட்டினாள்.

அடுத்த கிழமை கொழும்புத்துறைக்காரரிடம் கேட்டேன். எங்கள் காசையும் அவருடைய சம்பளத்தில்தான் பிடிப்பார்களாம். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பொறுப்பானவர் எங்கே இருப்பார் என்று விசாரித்தேன். கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியைக் காட்டினார்கள். இவரை விட்டுவிட்டுப் போக இடமில்லாததால் கூட்டிக்கொண்டு போனேன். படி ஏறி முடிய இருவருக்கும் இளைத்தது.

பொறுப்பாளர் இளந்தாரி. மரியாதையாக எங்களை இருத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா, மெசின் பிழை விடாது. அது சிங்கப்பூரிலை இருந்து எடுப்பிச்சது."

"சிங்கப்பூரிலை கறண்ட் போறேல்லையாக்கும். இஞ்சை போகுது."

அவருக்கு என்னோடு கதைத்துச் சரிவராது என்று பட்டிருக்க வேண்டும். இவர் பக்கம் திரும்பினார். "ஐயா, பிரச்சினை வேண்டாம். அண்டைக்குக் கறுத்த துண்டுக்கு எடுத்த காசிலை பாதியைத் திருப்பித் தாறன்."

"ஏலாது," என்றார் என் கணவர்.

"சரி, முழுக்கத் தாறன்."

"ஏலாது."

இளந்தாரி என்னைப் பார்த்தார். இவரிடம் இரண்டு மூன்று சொல்தான் இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அப்ப ஐயா என்ன எதிர்பார்க்கிறார்?"

"அந்தத் தம்பியின்ரை சம்பளத்திலை வெட்டக்கூடாது. உள்ளுக்கு வரேக்கை துண்டிலை பேனையாலை மணியை எழுதிக் குடுக்க வேணும். துண்டு கறுத்தால் முழு நாள் காசு எடுக்கக்கூடாது," என்றேன்.

"முதல் இரண்டும் செய்யலாம். மூண்டாவது ஏலாதம்மா, அது எங்கடை விதி."

"ஏலாது," என்றார் இவரும். இம்முறை முன்னுக்குச் சாய்ந்து, இடது உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்தார். சந்தையில் பேச்சை முடிக்கும் நேரத்தில் அவர் சாக்கின் மேல் கை வைப்பதை நான் கண்டிருக்கிறேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இவர் சொல் இல்லாமல் திண்டாடவில்லை, பேரம் பேசுகிறார்.

இளந்தாரி பெருமூச்சு விட்டார். "சரி ஐயா. கறுத்த துண்டுக்கு எடுக்கேல்லை. உண்மையாத் துலைஞ்சால் மட்டும். மணித்தியாலக் கணக்கை மட்டும் மாத்தச் சொல்லிக் கேக்காதேங்கோ."

என் கணவர் மேசையில் இருந்து கையை எடுத்தார். பிறகு, "ஓம்," என்றார்.

படி இறங்கும்போது, விளங்கித்தான் சொன்னீர்களோ என்று கேட்டேன். படியைக் கவனி என்பதுபோலப் பொல்லால் கீழே காட்டினார்.

சொன்ன சொல்லை அவர்கள் காப்பாற்றினார்கள். கொழும்புத்துறைக்காரர் அதற்குப் பிறகு பேனையும் கையுமாக வாசலில் நின்றார். சம்பளத்தில் வெட்டுவதையும் நிறுத்திவிட்டார்களாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு மணித்தியாலக் காசு எடுப்பது மட்டும் மாறவில்லை. அதற்காக நான் கிழமைக்கு ஒருமுறை முறுமுறுத்தேன். அவரும் "ஓம் அன்ரி, அநியாயம்தான்," என்று சொல்லிக்கொண்டே மிச்சக் காசைத் தருவார்.

இப்போது அந்த வளவில் கடைத்தொகுதி எழும்புகிறது. தரிப்பிடம் இல்லை. கொழும்புத்துறைக்காரர் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நாங்கள் நல்லூர்ப் பக்கம் தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் காரை விட்டுவிட்டு, அங்கிருந்து பயிற்சிக்கு நடந்து போகிறோம். தூரம் கொஞ்சம் கூடத்தான். இடையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்துவிட்டுப் போவோம். போன கிழமை கடைக்காரர் சீனி போடட்டோ என்று கேட்டார். என் கணவர் யோசித்து, விரலைக் காட்டி, "கொஞ்சம்," என்றார். அவர் கொஞ்சம்தான் போட்டுக் கொடுத்தார்.