வாயால் தடுத்த வென்டல்

வென்டல் கோஸ்டியுக் பனித்திடலில் ஸ்கேட் போட்டு வருவதைப் பார்த்தால், யாரோ ஒரு பீரோவைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் தோன்றும். டிரம்லின் பேட்ஜர்ஸ் அணியில் அவன் தடுப்பாட்டக்காரன். நான் கோல் கீப்பர். பல குளிர்காலங்கள் அவன் முதுகைப் பார்த்தே பிழைப்பு நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், எங்கள் பிரெய்ரிச் சமவெளி லீக்கில் அவ்வளவு மெதுவான ஆள் கிடையாது. அவன் அடிக்கிற அடியில் பக் கிளம்பினால், அந்த ரப்பர் வில்லை நடுவழியில் களைத்துப்போய் நின்றுவிடும்.

ஆனாலும் அவனைத் தாண்டி வர எல்லாரும் பயந்தார்கள். காரணம் அவன் வாய்.

ஐஸ் ஹாக்கியில் வாயாடுவது புதிதல்ல. எல்லாரும் ஏசுவார்கள். ஏசினால் யாருக்கும் உறைக்காது, காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். வென்டல் ஏச மாட்டான். நலம் விசாரிப்பான். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது பஸ்ஸில் நாங்கள் சீட்டாடுவோம். அவன் மட்டும் போகிற ஊரின் வாரப் பத்திரிகையைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படிப்பான். கல்யாணம், சாவு, சந்தைப் போட்டி முடிவு, காணாமல் போன நாய், ஒன்றையும் விடமாட்டான்.

ஹாரோ கிரீக் அணியில் டெல்மர் ஃபாஸ் என்று ஒருவன் இருந்தான். புயல் மாதிரி வருவான். முதல் தடவை அவன் பக்கைத் தள்ளிக்கொண்டு வந்தபோது வென்டல் நகரக்கூட இல்லை.

"டெல்மர், சந்தைப் போட்டியில உங்கம்மா சுட்ட ருபார்ப் பை பலகாரத்துக்கு ரெண்டாம் பரிசுதானாமே? அநியாயம்டா அது."

"அதையேன் கேக்குற! அந்த ஜட்ஜு இருக்காரே, அவரு யாருன்னு நெனச்ச, ஜெயிச்சவளோட சொந்த மச்..."

மச்சான் என்று முடிப்பதற்குள் பக் அவனிடம் இல்லை. ஃபாஸ் நேராக நடுவரிடம் போனான்.

"ரெஃப்ரி சார், இவன் பேசுறான்!"

"என்ன பேசுனான்?"

"எங்கம்மாவுக்கு ரெண்டாம் பரிசு குடுத்தது அநியாயம்ங்கிறான்."

"அநியாயம்தானே," என்றார் நடுவர். "நானும் சாப்பிட்டுப் பாத்தேன்."

இப்படிப்பட்டவன் வாய்க்கு அசையாத ஒரே ஆளும் ஹாரோ கிரீக்கில்தான் இருந்தாள். ஆட்டத்தில் தப்பு செய்தவனை இரண்டு நிமிடம் உட்கார வைக்கும் தண்டனைப் பெட்டிக்கு அவள்தான் காவல். பெயர் ஹலினா. பகலில் தானியக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை. ஆட்டம் நடக்கும் நாளில் அந்தக் கதவைத் திறந்து மூடுவாள். முதல் தடவை உள்ளே போன வென்டல் இரண்டு நிமிடமும் விடாமல் பேசினான். அவள் கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

"நேரமாச்சு, எந்திரிங்க," என்றாள். அவ்வளவுதான்.

அதிலிருந்து ஹாரோ கிரீக் போனாலே வென்டல் யார் காலையாவது தட்டிவிடுவான். விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, மேலே ஒட்டிய பனியையும் தட்டிவிட்டு, நடுவர் விரல் நீட்டுவதற்கு முன்பே பெட்டியைப் பார்த்துக் கிளம்பிவிடுவான். எங்கள் கோச் கிழவர் மேக்கிக்கு ஒன்றும் புரியவில்லை.

"டேய், நம்ம ஊர்ல ஆட்டுக்குட்டி மாதிரி இருக்க. இங்க வந்தா மட்டும் உனக்கு என்னடா ஆகுது?"

அந்த சீசன் முடிகிற சமயம், பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே வென்டல் கல்யாணப் பேச்சை எடுத்தான்.

"இன்னும் இருபது செகண்ட் இருக்கு. யோசிக்கிறேன்," என்றாள் ஹலினா. இருபது செகண்ட் யோசித்தாள். கதவைத் திறந்தாள். "சரி. போங்க."

வென்டல் போகவில்லை. "சரின்னா எதுக்குச் சரி? போறதுக்கா, கல்யாணத்துக்கா?"

"ரெண்டுக்கும்."

"அப்ப தேதி..."

இந்த உரையாடல் நடந்தபோது ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. தண்டனை முடிந்தும் எங்கள் பக்கம் ஓர் ஆள் குறைவு. வென்டல் நிற்கவேண்டிய காலி இடத்தின் வழியாக ஃபாஸ் சாவகாசமாக வந்து கோல் போட்டான். ஒரு கோல் கொடுத்துக் கல்யாணம் முடித்துவைத்தவன் இந்த லீக்கில் நான் ஒருவன்தான்.

வென்டலின் ஆட்டக்காலம் முடிந்ததும் வாயால்தான். எதிராளியிடம் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தான். கதையின் முடிவைச் சொல்லத் திரும்பியவன் பின்பக்கமாகவே வந்து என் கோல் கம்பத்தில் மோதினான். முழங்கால் முட்டி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோது, அடுத்த கட்டிலில் இருந்தவரிடம் அந்தக் கதையை முடித்துக்கொண்டிருந்தான். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது போர்வையைப் பார்த்துக்கொண்டே, "இனி நான் என்னடா பண்றது?" என்று கேட்டான்.

பதில் மேக்கியிடமிருந்து வந்தது. அவர் கடலோரத்தில் இருந்த மகள் வீட்டுக்குக் குடிபோனார். போகும்போது அணி நிர்வாகத்திடம் வென்டலைக் கைகாட்டிவிட்டுப் போனார். நானும் ஆட்டத்தை விட்டுவிட்டு அவனுக்கு உதவிக் கோச் ஆனேன்.

எங்கள் அணியின் புதுப் பையன்கள் வேகமானவர்கள், பலசாலிகள். பேசத்தான் தெரியவில்லை. லோர்ன் என்ற ஆறடி உயரப் பையனுக்கு வென்டல் ஒரு வாரம் பயிற்சி கொடுத்து அனுப்பினான். லோர்ன் எதிராளியிடம் போய், வெட்கப்பட்டுக்கொண்டே, "உங்க வீட்டு மாடு சௌக்கியமா?" என்றான்.

"மாடா? எங்கப்பா பல் டாக்டர்டா!"

"ஓ, மன்னிச்சுக்கங்க," என்று லோர்ன் ஒதுங்கி வழிவிட்டான். கோல்.

அதன் பிறகு வென்டல் எல்லாருக்கும் சேர்த்துத் தானே பேச ஆரம்பித்தான். பெஞ்சில் நின்று நலம் விசாரித்தால் எதிர்ப்பக்கத்துக் கடைசி வரிசைக்கும் கேட்கும்.

இரண்டாவது வருடம் அரையிறுதித் தொடரின் முதல் ஆட்டத்துக்கு ஹாரோ கிரீக் எங்கள் ஊருக்கு வந்தது. அவர்களுக்கு இப்போது கோச் யார் என்றால் அதே டெல்மர் ஃபாஸ். அவன் பையன்கள் பயிற்சிக்கு இறங்கியபோது ஒவ்வொருவன் ஹெல்மெட் ஓரத்திலும் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. பஞ்சு! ஃபாஸ் எல்லாருடைய காதையும் அடைத்து அனுப்பியிருந்தான்.

"போச்சு. இன்னைக்கு உன் பாச்சா பலிக்காது," என்றேன்.

வென்டல் மோவாயைத் தடவினான். எங்கள் பையன்களைக் கூப்பிட்டான். "இன்னைக்கு ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது. நானும் தொறக்க மாட்டேன்."

அவன் மௌனமாக நின்றதைக் கண்டு ஊரே கலவரப்பட்டது. பார்வையாளர் வரிசையிலிருந்து ஹலினா எக்கிப் பார்த்து என்னைக் கேட்டாள்: "என்னங்க, அவருக்குக் காய்ச்சலா?"

எங்கள் விளையாட்டில் ஆட்டம் நிற்காமலே ஆள் மாறுவார்கள். கோச் பெயரைக் கத்தினால் உள்ளே இருப்பவன் வெளியே வரவேண்டும், அடுத்தவன் குதிக்கவேண்டும். ஃபாஸ் கத்தினான். குதிக்க வேண்டியவனை முதுகில் தட்டி அனுப்பிவிட்டான். வெளியே வர வேண்டியவனுக்குக் காது கேட்கவில்லை. உள்ளே ஆள் கூடிப்போய் அவர்களுக்குத் தண்டனை. அவர்கள் கோல் கீப்பர் "பின்னாடி பாரு, பின்னாடி!" என்று தொண்டை கிழியக் கத்தினான். ஒருத்தனும் திரும்பவில்லை. லோர்ன் நிதானமாகப் பின்னால் வந்து கோல் போட்டான். நடுவர் விசில் ஊதி ஆட்டம் நின்றபோது ஏவரி என்ற பையன் மட்டும் தனியாக ஓடிப்போய், நின்றுகொண்டிருந்த எங்கள் கோல் கீப்பரைத் தாண்டி அடித்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வலம் வந்தான். திடல் முழுக்கச் சிரிப்பு. அவனுக்கு அது கைதட்டலாகத் தெரிந்திருக்க வேண்டும், குனிந்து வணங்கினான்.

"பஞ்சை எடுங்கடா! பஞ்சை எடுங்கடா!" என்று குதித்தான் ஃபாஸ்.

அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

ஆறு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். ஆட்டம் முடிந்து பார்த்தால் ஏவரியின் ஒரு காதில் பஞ்சு உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டிருந்தது. ஆட்ட நாளில் எங்கள் அணிக்கு டாக்டர், ஊர் கால்நடை மருத்துவர் பாப்போவிச்தான். அவர் இடுக்கியை எடுத்ததும் பையன் எழுந்து ஓடப் பார்த்தான். வென்டல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் ஊர் தீயணைப்பு வண்டி குளத்தில் விழுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தான். பஞ்சு வெளியே வந்தது. கதை நிற்கவில்லை.

"பையனுக்கு இப்பதான் காது தெறந்திருக்கு," என்றாள் ஹலினா. "கொஞ்சம் நிறுத்துங்க."

அடுத்த ஆட்டங்களில் அவர்கள் பஞ்சில்லாமல் வந்தார்கள். எங்களைத் துவைத்து எடுத்தார்கள். கடைசி ஆட்டத்தில் எங்களை வெளியே அனுப்பிய கோலை அடித்தவன் ஏவரி. வென்டல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஏவரிக்கு போன் போட்டு நீண்ட நேரம் பேசினான். என்ன பேசினானோ தெரியாது, அடுத்த சீசனுக்கு அந்தப் பையன் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். அவனும் லோர்னும் சேர்ந்து அந்த வருடமே கோப்பையை டிரம்லினுக்குக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் ஊர் உக்ரேனியர் மன்றத்தில் விருந்து. ஹலினாவும் மன்றத்துப் பெண்களும் பிரோகிக் கொழுக்கட்டை அவித்து, வெண்ணெயில் வெங்காயம் வதக்கி மேலே கொட்டி, மேசை மேசையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கோச் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று யாரோ விவரம் தெரியாமல் சொல்லிவிட்டார்கள். வென்டல் எழுந்து தொண்டையைக் கனைத்தான். ஹலினா என்னைப் பார்த்து, "நீங்க சாப்பிடுங்க," என்றாள். நான் முள்கரண்டியை எடுத்தேன். அவன் மேக்கியில் ஆரம்பித்துத் தன் முட்டி உடைந்த கதை வரைக்கும் வருவதற்குள் என் மேசையில் மூன்று தட்டு காலி.