துடக்கு கழிந்தால் கியோட்டோ

செய்தி வந்தபோது எங்கள் குசினியில் எழுபது பேருக்கான உருளைக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. "அன்ரி, அம்மா மோசம் போயிட்டா" என்றான் போனில் மனோ அக்காவின் மகன் ரமணன். நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் நேரம் இருக்கவில்லையாம். அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். இன்னும் பதினேழு நாளில் நானும் அக்காவும் ஜப்பானுக்குப் பறக்க வேண்டியிருந்தது.

டோர்ட்மண்டில் மனோ அக்காவை அறியாத தமிழர் குறைவு. முதியோர் இல்லத்துக் குசினியில் பத்தொன்பது வருடம் அவர் பக்கத்தில் நின்று சமைத்தவள் என்ற உரிமையில், நீங்கள் காணாத மனோ அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

மத்தியான இடைவேளையில் மேசையைத் துடைத்துக் கியோட்டோ வரைபடத்தை விரிப்பார். "கண்ணை மூடும், வசந்தி. இப்ப கோயில் வாசல் தாண்டிட்டம். வலப்பக்கம் பாசி, கால் வையாதையும்" என்பார். அவரும் போய்ப் பார்த்தவரில்லை. எல்லாம் வீடியோவில் கண்டதுதான். ஆனாலும் குளத்தைச் சுற்றி, மரப்பாலம் ஏறி, சிவந்த மேப்பிள் மரங்களின் கீழே எத்தனையோ நாள் நடந்திருக்கிறோம். ஒருமுறை நான் குளத்து மீனுக்குப் பாண் துண்டு போடப்போவதாகச் சொல்ல, "அங்க அப்பிடிப் போட விடமாட்டினம்" என்று என் கையைப் பிடித்துவிட்டார். தேநீர் ஆறிப்போன பிறகுதான் இருவரும் திரும்பி வருவோம்.

ஒத்திகை பார்க்க வேண்டுமென்று ஒரு ஞாயிறு டுசல்டோர்ஃபுக்குக் கூட்டிப்போனார். அங்கே சின்னதாக ஒரு ஜப்பானியக் கோயிலும் தோட்டமும். முற்றத்தில் சரளைக் கற்களை வரி வரியாக இழுத்து வைத்திருந்தார்கள். "ஒருத்தரும் மிதிக்கக் கூடாதெண்டால் ஏன் இவ்வளவு வடிவாக் கூட்டினவை?" என்று கேட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தவர், ஒரு மணி நேரம் எழும்பவில்லை. குளிரில் எனக்குக் கால் விறைத்து, எரிச்சலும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பயணம் இரண்டு முறை தள்ளிப்போனது. ஒரே குசினியில் இருவருக்கு ஒன்றாக விடுமுறை வாங்குவதே பெரும்பாடு. வாங்கியபின் எங்கேயாவது ஒரு சாவு விழும். முதலில் ரொறன்ரோவில் அவர் கணவரின் தம்பி. பிறகு லண்டனில் கணவரின் பெரியப்பா மகன். சொந்தத்தில் சாவென்றால் முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. கோயில் படி மிதிக்கமாட்டார்.

"அது புத்தர் கோயில் அக்கா. அவைக்கு ஏது துடக்கு?"

"அவைக்கு இல்லை. எனக்கு இருக்கு."

கோபத்தில் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேநீரோடு வந்து நின்றார். "சாகிறவை எங்களிட்ட நாள் கேட்டு, தேர்மின் எடுத்திட்டே சாகினம்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்காவின் செத்தவீட்டில் ஐயர் உறவினரை முன்னுக்குக் கூப்பிட்டார். நான் கதிரையிலேயே இருந்தேன். பக்கத்திலிருந்த ஒரு வயதான அம்மா ஆறுதலாகத்தான் சொன்னார்: "உமக்கெண்டால் துடக்கில்லை. பயணத்தை ஏன் விடுறீர்? போய்க் கும்பிட்டிட்டு வாரும்." முறைப்படி அவர் சொன்னது சரி. அன்று நான் அழுததில் பாதி அந்த வார்த்தைக்காகத்தான்.

மறுநாள் ரமணன் டிக்கெட்டை என்ன செய்வது என்று கேட்டான். போகிறேன் என்றேன். தோட்டங்களைப் பார்ப்பேன், கோயில்களுக்குள் போகமாட்டேன் என்றும் சொன்னேன்.

"ஏன் அன்ரி?"

"எனக்குத் துடக்கு, தம்பி. முப்பத்தொண்டு முடியேல்லை."

அவன் விரல் விட்டு நாட்களை எண்ணினான். பிறகு, "ஓம் அன்ரி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை, துடக்குக் கழிக்கிற நாள். அதுக்கு முன்னம் வந்திடுங்கோ, நீங்களும் எங்களோட நிக்கவேணும்" என்றான்.

நாளை மறுநாள் விமானம். மனோ அக்காவின் வரைபடம் அவர் பிள்ளையிடமே இருக்கட்டும். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய துடக்கை.