ஒழவு மழைக்கு மாட்டிய டயர்

எங்கள் சேலத்து வீட்டின் பின்பக்கம் இருக்கும் கறிவேப்பிலைச் செடியைச் சுற்றி ஒரு பழைய கார் டயரைப் போட்டு வைத்திருக்கிறேன். இன்று காலை பெய்த மழையில் அதன் உள்வளையத்தில் தண்ணீர் நின்றது. கொசு வரும், தூக்கிப் போடுங்கள் என்று மனைவி வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் தண்ணீரை வழித்து ஊற்றிவிட்டு மறுபடி அங்கேயே போட்டுவிடுவேன். குனிந்து பார்த்தால் டயரின் மேல்பட்டையில் குறுக்குவாட்டில் கத்தியால் கீறிய கோடுகள் இன்னும் தெரிகின்றன. கோணலாக இருப்பவை நான் கீறியவை. நேராக இருப்பவை என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், கீறியவை. எந்த இடத்திலும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாத மனிதர் அவர். கத்தியைக் கையில் எடுத்தால் மட்டும் எங்கிருந்துதான் அந்த நிதானம் வருமோ தெரியாது. இன்றைக்கும் எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

எண்பதுகளின் தொடக்கம் அது. எருமப்பட்டிக்குப் பக்கத்தில், என் மாமனாரின் மானாவாரிக் காட்டை ஒட்டிப் பரந்து கிடந்த தரிசில், வருடத்துக்கு ஒருமுறை ஆட்டோகிராஸ் என்று ஒன்று நடத்துவார்கள். வெளியூர்க் கிளப்காரர்கள் வந்து, வெறும் மண்தரையில் சுண்ணாம்பால் வளைவு வளைவாகக் கோடு போட்டு, மூலைக்கு மூலை டிரம் வைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் போகும். டிரம்மில் இடிக்காமல் யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. கலந்துகொள்பவர்கள் எல்லாம் எங்களைப் போலச் சொந்த வண்டியைச் சொந்தக் கையால் பிரித்து மாட்டுகிறவர்கள்தான். மச்சானிடம் இருந்தது பல கை மாறி வந்த ஒரு சின்னக் கார். ஊரில் அதற்குப் பொட்டிக் கார் என்று பெயர். மாமா ஒருமுறை வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, "வட்டம் சுத்தறதுக்குச் செக்கு மாடு பத்தாதா சாமி?" என்று மகனைக் கேட்டார். மச்சான் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

அந்த வருடப் போட்டிக்கு மட்டும் சிரிப்புக்கு இடமில்லாமல் போய்விட்டது. முதலில் வருகிறவரை மெட்ராஸில் நடக்கும் பெரிய பந்தயத்துக்குத் தங்கள் செலவில் கூட்டிப் போவதாகக் கிளப்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மாமாவுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஒன்றில் பங்கு உண்டு. மழையில்லாமல் கிணறெல்லாம் வற்றி மூன்றாவது வருடம். வண்டி வேலை தேடி வடநாட்டுக்குப் போவதென்று முடிவாகியிருந்தது, கூடப் போக வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். ஜெயித்தால் மெட்ராஸ், தோற்றால் காரை விற்றுவிட்டு ரிக் வண்டியோடு வடக்கு என்று அப்பனும் மகனும் என் முன்னால்தான் பேசி முடித்தார்கள். வடக்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் பதில் கிடையாது.

எல்லாம் டயரில்தான் இருந்தது. எங்களிடம் இரண்டு செட். பாதி தேய்ந்த சாதாரண டயர்களை நாங்களே குறுக்கே கீறி வைத்திருந்தோம். மழை மேலாக நனைத்து அடித்தரை இறுகலாக இருக்கும்போது அதுதான் சரி. கீறல் வழியே ஈரம் விலகி ரப்பர் தரையைப் பிடிக்கும். இன்னொன்று கட்டை டயர். நாமக்கல்லில் தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போடும் கடையில் கெஞ்சிக் கூத்தாடி, ஜீப் டயர் போலக் கட்டை கட்டையாக ரப்பர் வைத்து வாங்கியது. தரை ஆழமாக நனைந்து குழைந்திருந்தால் அது மண்ணைத் தோண்டிக்கொண்டு போகும். மேல்மண் மட்டும் நனைந்த தரையில் மாட்டினாலோ, கட்டைகளின் இடுக்கெல்லாம் களிமண் அப்பி, எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். இந்த வித்தியாசத்தைச் சொல்ல எங்களுக்குப் புது வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் பக்கத்தில் மழையை அளப்பதே அப்படித்தான். ஏர் இறங்குகிற அளவுக்கு ஈரம் போயிருந்தால் ஒழவு மழை, இல்லையென்றால் வெறும் தூறல். ஒழவு என்றால் கட்டை, தூறல் என்றால் கீறல். பேச்சு அவ்வளவுதான்.

போட்டிக்கு முந்தைய வாரம் மச்சான் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே கால் நிலைகொள்ளாமல் போனது. காற்றை ஏற்றுவார், இறக்குவார், மறுபடி ஏற்றுவார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பாதியில் எழுந்துபோய் வானத்தைப் பார்ப்பார். என்னை இழுத்துக்கொண்டு நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கமிருந்து வருகிற டிரைவர்களையெல்லாம் நிறுத்தி, அங்கே மழை உண்டா, எவ்வளவு என்று விசாரிப்பார். ஒரு டிரைவர், விதைப்புக்குக் கேட்கிறார் என்று நினைத்து, பாவம், வந்துவிடும் கவலைப்படாதீர்கள் என்று தேற்றிவிட்டுப் போனார். மழை வர வேண்டுமா வேண்டாமா என்று மச்சானிடம் கேட்டேன். "வரட்டுமுங்க மாப்ள. வேண்டாம்னு நம்ம வாயால சொல்லலாமுங்களா?" என்றார். சொல்லிவிட்டு மறுபடி காற்றை இறக்கப் போனார்.

போட்டியன்று விடியும்போது மழை பிடித்தது. மாமனார் வீட்டு ஓட்டில் சத்தம் கேட்டதும் வீடே வாசலுக்கு வந்துவிட்டது. என் மனைவி கையை நீட்டி நனைத்துக்கொண்டு அழுதாள். ஆனால் மழை நிலைக்கவில்லை. நாங்கள் தரிசுக்குப் போய்ச் சேர்ந்தபோது சொட்டுச் சொட்டாகக் குறைந்து நின்றேவிட்டது. மச்சான் குனிந்து மண்ணுக்குள் விரலை விட்டார். நானும் விட்டேன். இரண்டு கணுவுக்குக் கீழே விரல் போகவில்லை, சூளைச் செங்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சந்தேகமே இல்லை, கீறல் டயர்தான். நான் ஜாக்கியை எடுக்கப் போனேன்.

அப்போதுதான் மாமா வரப்பில் நடந்து வந்தார். செருப்பில்லாத காலில் முட்டிவரை சேறு தெறித்திருந்தது. தன் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக வருகிறார் என்பது தெரிந்தது. மாமா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மகனின் தோளில் கை வைத்து, "ஒழவாச்சு சாமி," என்றார். "நல்ல ஒழவு. நாளைக்கு ஏர் கட்டிறலாம்."

மச்சான் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "ஆமாங்கய்யா, ஒழவுதானுங்க," என்றார். என் பக்கம் திரும்பி, கட்டையை எடுக்கச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாமா எதிரில் நிற்கும்போது வாயைத் திறக்கவும் முடியாது. நட்டை முடுக்குகிற ஸ்பேனரில்தான் அவ்வளவையும் காட்டினேன்.

நடந்ததை அதிகம் விவரிக்க எனக்கு இப்போதும் மனமில்லை. முதல் வளைவிலேயே கட்டைகளில் களி அப்பிவிட்டது. பொட்டிக் கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய் ஒரு டிரம்மைச் சாய்த்தது, அடுத்த வளைவில் இன்னொன்றை. மச்சான் ஸ்டியரிங்கைத் திருப்பிய பக்கம் ஒன்று, கார் போன பக்கம் ஒன்று. சாதாரண டயரோடு வந்தவர்கள் எல்லாம் அவரை விட நன்றாகச் சுற்றினார்கள். கோப்பை வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போனது. மாமா கடைசிவரை வரப்பில் நின்றார். பந்தயத்தைப் பார்த்த மாதிரி தெரியவில்லை, காட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கெட்ட எண்ணம் எனக்குள் புகுந்துவிட்டது. மகனை ரிக் வண்டியில் ஏற்றுவதற்காக, மண்ணைப் பார்த்துத் தெரிந்தே மாமா அப்படிச் சொன்னாரோ? எத்தனையோ மழை பார்த்த மனிதருக்கு ஒழவு எது தூறல் எது என்று தெரியாதா? இரவெல்லாம் புரண்டுவிட்டு, காலையில் அவரிடமே கேட்டுவிடுவது என்று காட்டுக்குப் போனேன். அவர் நிஜமாகவே ஏர் கட்டியிருந்தார். ஏரின் கொழுமுனை மண்ணுக்குள் இறங்காமல் மேலே மேலே கீறிக்கொண்டு வந்தது. பின்னால் காய்ந்த கட்டிகள் பெயர்ந்து கிடந்தன. மேழியை முழு உடம்பாலும் அழுத்தி, மாடுகளை அதட்டி, பாதிக் காடு வரைக்கும் ஓட்டிவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மாடுகளை நிறுத்தினார். கேட்க வந்ததை நான் கேட்கவில்லை. அவராகவே, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஒழவு இல்லீங்க மாப்ள."

அதன்பிறகு மாமா மகனை வடக்கே போக வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மச்சான் கேட்கவில்லை. கார் போய்விட்டது, கட்டை டயர்கள் காரோடு போயின. கீறல் டயர்களில் ஒன்றை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ரிக் வண்டி கிளம்பும் நாளில் திருச்செங்கோட்டுக்குப் போனேன். எல்லாரும் வண்டிக்குப் பூசை போடுவதில் மும்முரமாக இருந்தபோது, விரலை விட்டுப் பார்த்த பிறகும் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மச்சானிடம் கேட்டேன். அந்த ஒரு தடவைதான் அவர் கை கால் ஆடாமல் நின்று பேசினார்.

"மூணு வருசமா எங்கய்யன் வானத்தப் பாக்கறதையே உட்டுட்டாருங்க மாப்ள. அன்னிக்குத்தான் வாயத் தொறந்து ஒழவுன்னாரு. இல்லீங்கய்யான்னு நான் எப்பிடிங்க சொல்றது?"

மச்சான் வடக்கேயே நிலைத்துவிட்டார். சொந்தமாக ரிக் வண்டிகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். மாமா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. காட்டைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். நம் பக்கம் மழை என்று காதில் விழுந்தால் போதும், மச்சானிடமிருந்து போன் வந்துவிடும். இன்று காலையும் வந்தது. பேசும்போதே அங்குமிங்கும் நடக்கிறார் என்பது மூச்சு வாங்குவதில் தெரிந்தது. வயதாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"மழைங்களாமா? ஒழவாச்சுங்களா மாப்ள?"

நான் அப்போது கறிவேப்பிலைச் செடியருகில்தான் நின்றிருந்தேன். குனிந்து, டயருக்கு வெளியே மண்ணில் விரலை விட்டேன். இரண்டு கணுவுக்குக் கீழே காய்ந்த தரை தட்டியது.

"ஒழவுதானுங்க மச்சான். நல்ல ஒழவு."

மறுமுனையில் நடை நின்றது. என் குரலை அவருக்குத் தெரியாதா என்ன.

"அப்பறம் என்னங்க மாப்ள," என்றார். "கட்டையவே மாட்டிருங்க."