எட்டு வாட்டுக்கு வந்த சீர்

என் மச்சான் என் வீட்டுப் படியேறி ஐந்து மாதம் ஆகிவிட்டது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருக்கிற ஒரே ஆள். அவனை வரவிடாமல் செய்தது நான்தான். காரணம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

திருபுவனையில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். எனக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. பழைய ரேடியோவில் இருந்த கண்ணாடி வால்வைப் போட்டுக் கட்டுகிற வால்வு ஆம்ப்ளிஃபையர் பைத்தியம் மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒன்றரை வருடத்தில் ஒன்றை நானே கட்டினேன். இடது வலது பெட்டிகளுக்குத் தலா எட்டு வாட். கோயில் திருவிழாவுக்கு லாரி நிறையப் பெட்டி அடுக்குகிற ஊரில் எட்டு வாட் என்றால் யாருக்கும் விளங்காது. ஆனால் சரியான பெட்டி கிடைத்தால் ஒரு கூடத்துக்கு எட்டு வாட் தாராளம். ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு பெட்டி நன்றாகக் கத்தும், இன்னொன்று முனகும். எவ்வளவு கத்தும் என்பதை டெசிபலில் பெட்டியின் விவரத்தாளிலேயே போட்டிருப்பார்கள். தொண்ணூற்றைந்து போட்ட பெட்டி எட்டு வாட்டில் போடுகிற சத்தத்தை, எண்பத்தைந்து போட்ட பெட்டி போட வேண்டுமானால் எண்பது வாட் வேண்டும். பெட்டி எவ்வளவு உயரம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆவணியில் அரியூர்ப் பக்கம் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். மச்சான் பாகூர்ப் பக்கம் கரும்பு போடுகிறவன். அக்கா வீட்டுக்குச் சீர் கொண்டுவந்தான். குட்டி யானை வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தி, அங்கிருந்து மேளத்தோடு நடந்து வந்தார்கள். முன்னால் பெண்கள் தாம்பாளத்தில் பழம், பூ, புடவை. பின்னால் குத்துவிளக்கு. அதற்கும் பின்னால் நான்கு பேர் தோளில் இரண்டு டவர் ஸ்பீக்கர். என் நெஞ்சு உயரம் இருக்கும். இரண்டுக்கும் மாலை போட்டிருந்தான்.

தெருவே வந்து பார்த்தது. என் மனைவி முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

நான் பார்த்தது வேறு. பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து ஒட்டியிருந்த விவரத்தைப் படித்தேன். எண்பத்தைந்து. அதுவும் மின்தடை நான்கே ஓம். வால்வுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஜாதி. எழுந்திருப்பதற்குள் மச்சான் பெண்டாட்டி சந்தனக் கிண்ணத்தோடு வந்து பெட்டிக்குப் பொட்டு வைத்தாள். வைத்த இடம் ட்வீட்டர், கீச்சுக் குரலுக்கென்று மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கர். பட்டுத்துணி மாதிரி மெல்லிசாக இருக்கும் அது. விரல் பட்டாலே பள்ளம் விழும். விழுந்தது.

"அதுல கைய வைக்காதம்மா! அறிவு இல்ல?" என்று கத்திவிட்டேன்.

மேளம் நின்றுவிட்டது. அவள் சந்தன விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சாமிக்கு வைக்கிற மாதிரி வச்சேன்ணா" என்றாள்.

மச்சான்தான் சமாளித்தான். "வுடு மாமா, தெரியாம பண்ணிட்டா. செட்டப் போடு. எல்லாரும் கேக்கட்டும்."

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சாப்பிட்ட பிறகு போடுகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். போட்டேன். கூடத்தில் ஐம்பது பேர் பேச்சு, வெளியே பந்தி இரைச்சல். அதற்கு நடுவில் பாட்டு ஏதோ பக்கத்து வீட்டு டிவி மாதிரிக் கேட்டது.

"இன்னாபா இது, ஆனை சைசுக்குப் பொட்டி, கொசு கணக்கா கத்துது" என்றான் எங்கள் தெரு மேஸ்திரி.

"மச்சான் குடுத்த பொட்டி நல்ல பொட்டிதான். இவுரு மிசின்லதான் தம் இல்ல" என்றான் இன்னொருத்தன். எல்லோரும் சிரித்தார்கள்.

என் ஒன்றரை வருட உழைப்பைத்தான் அப்படிச் சொன்னான். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. வால்யூமை முழுக்கத் திருப்பினேன். பாட்டு பிளந்து கரகரத்தது. நிறுத்திவிட்டு மச்சானைப் பார்த்துச் சொன்னேன்: "எவன்டா உன்ன இத வாங்கச் சொன்னான்? உயரத்தப் பாத்து வாங்குறதுக்கு இது இன்னா தென்னம்புள்ளையா? தூக்கினு போயி கடையிலயே குட்த்துடு."

சீரைத் திருப்பிக் கொடு என்று ஒருத்தன் எங்கள் பக்கத்தில் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உன் உறவு வேண்டாம் என்று அர்த்தம். எனக்கு இது தெரியாதா? நாற்பத்தாறு வயது. நன்றாகத் தெரியும். அந்த நிமிடத்தில் எனக்கு டெசிபல்தான் தெரிந்தது.

மச்சான் அக்காவிடம் மட்டும், "வரங்கா" என்றான். கை நனைக்காமல் போனான். அவனோடு வந்த இருபது பேரும் இலையை விட்டு எழுந்து போனார்கள்.

மறுநாள் நான் பெட்டிகளை உள் அறைக்கு நகர்த்தப் போனேன். மனைவி குறுக்கே வந்து நின்றாள். "அது என் தாய்வூட்டு சீரு. நகத்தனா நானும் சேந்து நகந்துடுவேன்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரு பாட்டும் பாடாமல் அந்த இரண்டு பெட்டியும் கூடத்தில் நின்றன. தினமும் துணியால் துடைத்தாள். சுவிட்சைப் போட மட்டும் விடமாட்டாள்.

மார்கழி முடிகிற நேரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குக் காரணம் தெரியும். பொங்கலுக்கு முந்தின நாள் தம்பி பானை, கரும்பு, மஞ்சள்கொத்து கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எங்கள் கல்யாணத்திலிருந்து ஒரு வருடம்கூட அவன் தவறியதில்லை. புது வீட்டில் முதல் பொங்கல். அவன் வருவானா என்பதுதான் அவள் கவலை.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கையில் வண்டியை எடுத்துக்கொண்டு பாகூர் போனேன். மச்சான் களத்தில் கரும்பின் காய்ந்த இலைச் சோகையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "வா மாமா" என்றான். உட்காரச் சொல்லவில்லை.

"பேசினது தப்புடா மச்சான். வந்துட்டுப் போ" என்றேன். எனக்கு அதற்கு மேல் நயமாகப் பேச வராது.

"நான் உன்ன ஒண்ணு கேட்டனே, ஞாபகம் இருக்குதா?"

"இன்னா?"

"ஆடி மாசம் அக்காவப் பாக்க வந்தேன். நீ மிசின துடைச்சிகினு இருந்த. இதுக்கு எந்த மாதிரி பாக்ஸ் மாமா போடணும்னு கேட்டேன். நீ இன்னா சொன்ன?"

எனக்கு நினைவு வந்தது. நினைவு வராமல் இருந்திருக்கலாம்.

"உனுக்குச் சொன்னா புரியாதுடா, போயி கரும்ப பாருன்னு சொன்ன. அக்கா சிரிச்சிது, நானும் சிரிச்சேன். கடையில போயி வால்வு செட்டுக்கு வேணும்னேன். எத்தினி வாட்டுன்னு கேட்டான். எனக்குத் தெரியல. உன்ன கேக்க பயம். சரி, பெருசா இருக்கறதக் குடுன்னு வாங்கினேன். பெருசா குட்த்தா அக்காவுக்கு மரியாதன்னு நெனச்சேன். அவ்ளோதான் மாமா."

ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். விவரத்தாளில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். கடையில் போய்ச் சரியாக வாங்கியிருப்பான். பாசனத்துக்கு மோட்டார் எத்தனை ஹெச்.பி. போட வேண்டும் என்று எனக்கே சொல்லித்தருகிறவன் அவன். புரியாது என்று நான் சொன்னதற்கு ஒரே காரணம், எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றாக அது இருக்க வேண்டும் என்பதுதான். இப்படி ஒரு அற்பத்தனத்தை எழுதும்போதும் கூசுகிறது.

"அக்காவுக்கு சீரு வந்துடும்" என்றான் மச்சான். "நான் வரமாட்டேன். என் பொண்டாட்டிய தெருவே பாக்கக் கேட்ட பாரு, அறிவு இல்லன்னு. அவ இன்னும் அதச் சொல்லி அழுவுறா." சோகையை மறுபடியும் இழுக்க ஆரம்பித்தான்.

பொங்கலுக்கு முந்தின நாள் சீர் வந்தது. ஷேர் ஆட்டோக்காரர் பானையையும் கரும்பையும் வாசலில் இறக்கினார். என் மனைவி ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு தெருமுனை வரைக்கும் பார்த்தாள். பானையை எடுத்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் பொங்கினாள். படைத்தாள். எனக்கு இலை போட்டுவிட்டு, ஒரு தூக்கில் பொங்கலை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

"எங்க போற?"

"எந்தம்பி வூட்டுக்கு."

"வண்டியில வுடுறேன், இரு."

"நீ வரக் கூடாது. நீ வந்தா அவ வெளிய வரமாட்டா."

பஸ் ஏறிப் போனாள். காணும் பொங்கல் அன்று வந்துவிடுவேன் என்று சொன்னாள். காணும் பொங்கல் அன்று அவள் வருகிற வழியைப் பார்த்துச் சாயங்காலம் வரை வாசலிலேயே நின்றேன்.