கறுப்புப் பூசாத ஹெட்லைட்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, லாரிக்கு ஹெட்லைட் மாற்றியது. 1984, பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. செல்லூரில் எங்கள் சந்துக்குள் லாரி நுழையாது. முனையில் நிறுத்தியிருந்தார்.

வேலை எளிதுதான். அடியில் இருக்கும் ஒற்றைத் திருகைக் கழற்றினால் வெளி வளையம் வந்துவிடும். உள்ளே மூன்று சின்னத் திருகுகள். அவற்றை எடுத்ததும் கண்ணாடியும் ரிப்ளெக்டரும் சேர்ந்து கைக்கு வரும். பின்னால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் இரண்டு திருகுகளை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் ஒளி ரோட்டை விட்டு மரத்துக்குப் போகும்.

அப்பா முதலில் ஸ்க்ரூடிரைவரை வைத்தது அவற்றில் ஒன்றில்தான்.

"அப்பா, அது இல்ல. பக்கத்துல."

"தெரியும் தாயி. இறுக்கமா இருக்கான்னு பாத்தேன்."

கட்டைவிரலால் தடவித் தடவி மற்றதைக் கண்டுபிடித்தார்.

அந்த மாதம் இது மூன்றாவது தடவை. முன்பு இரண்டு தடவையும் பல்பு மாற்றினார். வெளிச்சம் மங்கலாக அடிக்கிறது என்றார். இந்தத் தடவை கண்ணாடியோடு முழு செட்டும் புதிதாக வாங்கி வந்திருந்தார்.

அவர் பெயர் வெள்ளைத்துரை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கிளீனராக மதுரைக்கு வந்தவர். கப்பலூரில் அட்டைப்பெட்டிக் கம்பெனி வைத்திருந்த உக்கிரபாண்டி அய்யாவிடம் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டினார். சாயங்காலம் பெட்டி ஏற்றிக்கொண்டு கம்பம் போவார். அங்கிருந்து திராட்சையோ வாழைத்தாரோ ஏற்றி விடிவதற்குள் திரும்புவார். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை முதலாளிதான் ஊரெல்லாம் சொல்வார். அப்பா சொல்ல மாட்டார். யாராவது சொல்லும்போது அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நிற்பார்.

ஹெட்லைட் வேலையை ஒர்க்‌ஷாப்பில் விடமாட்டார். அங்கே ரிப்ளெக்டரில் விரல் வைத்துவிடுவார்கள் என்று வீட்டுக்குக் கொண்டுவருவார். பனியன் துணியால் மூச்சுக்கூடப் படாமல் துடைப்பார். "எம் மூஞ்சிய இம்புட்டு நேரம் இந்த மனுசன் பாத்திருப்பாரா?" என்பாள் அம்மா.

"ஒன்னப் பாத்தா எனக்குக் கண்ணு கூசும் அழகம்மா" என்பார்.

எதிரே சைக்கிள் வந்தாலும் வெளிச்சத்தைத் தாழ்த்தி டிம் அடிப்பார். மாட்டுவண்டிக்கும் அடிப்பார். அடிக்காமல் வருகிறவனைப் பார்த்து, "பொண்ணழைப்புக்குப் போறாரு மாப்ள, பெட்ரோமாக்ஸ் புடிச்சுக்கிட்டு" என்று திட்டுவார். புதுக் கண்ணாடி மாட்டினால் மேல்பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது சட்டம். பலர் ஒப்புக்கு ஒரு பொட்டு வைப்பார்கள். அப்பா நூல் பிடித்துப் பாதி பூசுவார். எதிரே வருகிறவன் கண்ணும் கண்தானே என்பார்.

அன்று இரண்டு பக்கமும் மாட்டி முடித்ததும் நான் பெயிண்ட் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

"வேணாம், வையி."

"போலீஸ் புடிக்கும்ப்பா."

"புடிக்கட்டும். இருக்க வெளிச்சத்தையும் மூடச் சொல்றியா?"

நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள். மின்சார வாரியத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வோல்ட் அளக்கும் மீட்டர் வீட்டில் இருந்தது. எடுத்து வந்து பிளக்கில் வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் இருந்ததைவிடக் கால் வோல்ட்தான் குறைவு. வயர் நன்றாக இருந்தது. எர்த் நன்றாக இருந்தது. முன்பு கழற்றிப் போட்ட நான்கு பல்புகளையும் சோதித்தேன். நான்கும் எரிந்தன.

இருட்டத் தொடங்கியிருந்தது. லைட்டைப் போடச் சொன்னேன். இருபத்தைந்து அடி தள்ளி, எதிரே இருந்த மதில் பளிச்சென்று ஆனது. அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார்.

"செவத்துல என்ன எழுதியிருக்கு, படிங்க."

"பல்பொடி வெளம்பரம். வருசக்கணக்கா அதான இருக்கு."

பொங்கலுக்கு அந்த மதிலுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். பல்பொடி போய்விட்டது. முழ உயர எழுத்தில், 'இங்கு விளம்பரம் எழுதக் கூடாது' என்று இருந்தது.

சொன்னேன். அப்பா சிரித்தார். "நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அழிச்சுப்புட்டானே."

"எம்புட்டு நாளாப்பா?"

"ஆடியிலருந்து."

"இப்பிடியேவா கம்பம் போயிட்டு வந்தீக?"

"முன்னால போற வண்டியோட செவப்பு லைட்டப் புடிச்சுக்கிட்டே போவேன். மெதுவாத்தான். முந்தாநாளு உசிலம்பட்டி கிட்ட ஒரு மாட்டுவண்டி. வண்டிக்காரன் கத்துனப்பறந்தான் தெரிஞ்சுச்சு." லைட்டை அணைத்தார். "பிரேக்கு புடிச்சிருச்சு. அவன் திட்டுனான். எறங்கி மன்னிப்புக்கூடக் கேக்காம வந்துட்டேன்."

இனி நீங்கள் வண்டி எடுக்கக் கூடாது என்றேன். நாளைக்கே நான் கப்பலூருக்குப் போய் முதலாளியிடம் சொல்லிவிடுவேன் என்றேன். குரலை உயர்த்திவிட்டேன் என்று நினைக்கிறேன். சத்தம் கேட்டு அம்மா சந்திலிருந்து வந்து நின்றாள்.

"நீ சொல்லாத தாயி. கீறல் விழாத டிரைவருன்னு ஊருபூராச் சொன்ன மனுசன். இத வேற ஆளு வாயால அவரு கேக்கக் கூடாது. நானே போறேன். வேற ஆளப் பாத்துக்கங்கன்னு நானே சொல்லிப்புட்டு, சாவியையும் கையில குடுத்துட்டு வாரேன்."

"சத்தியமா?"

"எந்திரிச்சதும் மொத பஸ்."

இறங்கி வந்து சாவியை அம்மாவிடம் கொடுத்தார். மருந்துக்கடைக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்து, நின்று வாங்கி வந்தார். இரவு நன்றாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் குளிக்கப் போனவர் குழாயடியில் உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது.

பதினோரு மணிக்கு உக்கிரபாண்டி அய்யா வந்தார். மாலையைப் போட்டுவிட்டுக் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். பந்தலில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளத்துரை கண்ணு பூனைக் கண்ணுய்யா. எம்புட்டு இருட்டா இருந்தாலும் ரோடு அவருக்குப் பகல் மாதிரி. எம் பிள்ளைகள அவர நம்பித்தான் வண்டியேத்தி விட்டிருக்கேன்."

அம்மா உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். வாங்கி மடியில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நேத்துப் போன் போட்டாரும்மா. காலைல வாரேன், ஒரு விசயம் நேர்லதான் சொல்லணும்னாரு. என்னான்னு உனக்கு எதுவும் தெரியுமா?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"தெரியாதுங்கய்யா" என்றேன்.