சரிதானே, அக்காவின் கம்ப்யூட்டரைத் திறந்த நாள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. 'சரிதானே' என்றால்தான் தெருவில் தெரியும். மாடிப்படிக்குக் கீழே, ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க வேண்டிய கடை. யார் எதைக் கொண்டுவந்தாலும் கை வைப்பதற்கு முன் கேட்பார்: "இது பழசு, இது புதுசு. இதிலேருந்து இதுக்கு. சரிதானே?" வந்தவர் வாயைத் திறந்து "சரி" என்று சொல்லியாக வேண்டும். தலையாட்டினால் செல்லாது. அழிக்கச் சொன்னாலும் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பேரை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அழிப்பார். அவசரக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும். அவசரம் என்ன செய்யும் என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அக்கா நத்தைகளைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஐந்து அத்தியாயம் முடிந்து ஆறாவது பாக்கி. பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி, பழையதில் இருப்பதை அதற்கு மாற்றித் தரச் சொன்னாள். தம்பி தொழில் கற்று அப்போது மூன்று மாதம். தலைக்கனம் மட்டும் முப்பது வருஷ அனுபவத்துக்குச் சமம். எதிலிருந்து எதற்கு என்று பார்க்காமல் பட்டனைத் தட்டினார். காலி டிஸ்க் அப்படியே பழையதன் மேல் காப்பியாகி உட்கார்ந்தது. இரண்டு வருஷ உழைப்பு ஒரு மதியத்தில் சுத்தம்.

அக்கா பட்டம் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகப் போனாள். ஏன் முடிக்கவில்லை என்று யார் கேட்டாலும் "என் தம்பி அழிச்சிட்டான்" என்பாள். திட்டக்கூட மாட்டாள், மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல் சொல்வாள். அதுதான் அவரை அறுத்தது. அதன் பிறகு அவள் வீட்டில் குழாய் ஒழுகினால் ஓடிப்போவது இவர். மாமா மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தா பெஞ்சில் சுருண்டு படுத்தது இவர். மாமா போன பிறகு ஞாயிறு தவறாமல் காய்கறிப் பையோடு வாசலில் நிற்பதும் இவர்தான். அத்தனை செய்தும் அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் அவள் தொட விடவில்லை. அதற்கென்று வேறு மெக்கானிக் வைத்திருந்தாள். இது அவருக்கு எவ்வளவு வலித்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே அன்று காலை அக்கா போன் செய்து, "வீடு மாத்துறேன்டா. பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடணும். அந்த மெக்கானிக் கடையையே மூடிட்டான். நீயே வந்து டிஸ்க்கைக் கழட்டி உடைச்சுடு" என்றதும், நாற்பத்தைந்து வயது மனிதர் கடையைப் பூட்டாமலே பாதித் தெரு நடந்துவிட்டார். தையல்காரர் கத்திக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வந்தார். இன்றைக்கு ஒரு பிசகும் நேரக் கூடாது. இந்த ஒரு வேலையைப் பழுதில்லாமல் செய்துவிட்டால், அக்கா தன்னை மன்னித்ததாக எடுத்துக்கொள்ளலாம். அவருடைய கணக்கு அதுதான்.

அக்கா வீட்டில், கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், ஜன்னலோரம் அந்தக் கம்ப்யூட்டர் நின்றது. வெள்ளையாக இருந்தது பழுப்பாகிவிட்டது. வயர்களைப் பிடுங்கினார். மிச்சக் கரண்ட் போகட்டும் என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார். தன் உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் டிஸ்க்கில் பாயாமலிருக்க, பெட்டியின் இரும்பு உடம்பை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். பின்பக்க ஸ்க்ரூ இரண்டையும் கழற்றிப் பக்கத் தகட்டை இழுத்ததும் குப்பென்று தூசி. தும்மி முடித்து, பட்டையான சாம்பல் கேபிளை நேராக இழுத்தார். பவர் பிளக் அடம்பிடித்தது. இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டி அதையும் வெளியே எடுத்தார். பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்க்ரூ. டிஸ்க் வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது.

"சுத்தியல் அந்தப் பெட்டி மேல இருக்கு," என்றாள் அக்கா.

"உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டு..."

"ஒண்ணும் இல்ல. உடை."

"பார்க்காம உடைக்க மாட்டேன்க்கா. யாருக்குமே செய்யறதில்ல."

"சொன்னா கேளேன்டா!"

"உனக்கு ஒரு தடவை பார்க்காம செஞ்சேன்ல? அது போதும்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் டிஸ்க்கை ஒரு கேபிள் வழியாகத் தன் லேப்டாப்பில் மாட்டினார். விர்ரென்று சுழன்று உயிர் வந்தது. வழக்கம்போல் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். "ஏழாம் வகுப்பு கேள்வித்தாள். மாமா பென்ஷன் மனு. நத்தை ஒண்ணு. நத்தை ரெண்டு..." ஐந்துவரை படித்தவர் ஆறைப் படிக்கவில்லை. தேதியைப் பார்த்தார். அவர் அழித்ததற்கு அடுத்த வருஷம்.

திறந்தார். ஐந்து அத்தியாயமும் படங்களோடு முழுசாக இருந்தன. ஆறாவதில் ஒரு பக்கம். அதிலும் கடைசி வாக்கியம் பாதியில் நின்றது.

"நோட்டுல எல்லாம் எழுதி வெச்சிருந்தேன்," என்றாள் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடி. "எட்டு மாசத்துல அஞ்சையும் திரும்ப டைப் பண்ணிட்டேன். ஆறாவதுல முடிவு சொல்லணும். சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நான் நினைச்ச மாதிரி நத்தைங்க நடந்துக்கல. நீ அழிக்கறதுக்கு முன்னாடியும் அங்கதான் நின்னேன். கேட்டவங்ககிட்ட உன் பேரைச் சொன்னா அதுக்கு மேல கேக்க மாட்டாங்க."

அவருக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? இருபத்திரண்டு வருஷம் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டவர். சுத்தியலைக் கையில் எடுத்தார், எதற்கு என்று தெரியாமல் கீழே வைத்தார்.

"சொல்லியிருக்கலாமேக்கா."

"முதல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் பயம். தப்பு செஞ்சுட்டோம்னுதானே நீ வந்தே? உண்மை தெரிஞ்சா வர்றதை நிறுத்திடுவியோன்னு."

அவர் லேப்டாப்பை மூடினார்.

"முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் வந்தேன். மீதி இருபது வருஷம், நீ என் அக்கான்னுதான் வந்தேன். அதுகூடவா உனக்குத் தெரியல?"